காய்ச்சல் ரூம் ஊசி மெஷின்

கொடைக்கானலில் பூட்டிக் கிடக்கும் எந்தக் கட்டிடத்துக்கும் செத்துப்போன பெண் ஒருத்தியை யாராவது ஒதுக்கி வைத்திருப்பார்கள். டாக்சி ஓட்டுகிறவர்கள் டூரிஸ்டுகளிடம் அந்தக் கதையைச் சொல்லி ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக் காட்டுவார்கள். நான் அதே மலையில் கவுஞ்சியில் பிறந்து கவுஞ்சியிலேயே வாக்கப்பட்டவள். பேய் பார்க்க மலையேறி வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தேன். அதனால் நான் சொல்லப்போவதைப் பேய்க்கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பயந்தேன். அதை மறைப்பதற்கில்லை.

திருப்பூர்ப் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று எங்கள் மலையில் தையல் யூனிட் திறந்தது. கீழே தைக்க ஆள் போதவில்லை. மேலே பூண்டும் கேரட்டும் இல்லாத மாதங்களில் எங்களுக்குச் சோலி இல்லை. பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகிற ரோட்டில் மூடிப்போன பள்ளிக்கூட விடுதியை வாடகைக்குப் பிடித்தார்கள். தகரக் கூரை, பலகைத் தரை, சுற்றிலும் சீகை மரங்கள். பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்த நீள ஹாலில் தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டார்கள். ஹாலின் கடைசியில் தனியாக ஒரு சின்ன அறை இருந்தது. காய்ச்சல் வந்த பிள்ளைகளைப் பிரித்துப் படுக்க வைக்கிற அறையாம். கட்டில் உரசிய தடம் சுவரில் அப்படியே இருந்தது. அதற்கு மேலே யாரோ சின்ன நகத்தால் கீறிய கோடுகளும் இருந்தன. காய்ச்சல் ரூம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அங்கேதான் ஊசி மெஷினை வைத்தார்கள். அதை ஓட்டுகிற வேலை எனக்கு.

ஊசி மெஷின் என்றால் தைக்கிற மெஷின் இல்லை. தைத்து முடித்த உடுப்பில் உடைந்த ஊசித்துண்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிற மெஷின். மேசை உயரத்தில் ரப்பர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு பெட்டி, அதற்கு அகலமான தாழ்ந்த வாய். உடுப்பை இந்தப் பக்கம் போட்டால் வாய்க்குள் போய் அந்தப் பக்கம் வரும். கடுகளவு இரும்பு உள்ளே இருந்தாலும் மணி அடிக்கும். பெல்ட் நின்று, போட்டதைப் போட்டவரிடமே திருப்பித் தள்ளும். தங்கம், வெள்ளி, பித்தளைக்கெல்லாம் அது அசையாது. இரும்பு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நாங்கள் தைத்தது முழுக்கக் கைக்குழந்தை உடுப்பு. எங்கேயோ குளிர் தேசத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு, காலிலிருந்து கழுத்து வரை மூடுகிற மாதிரி, மஞ்சள் துணியில் குட்டி யானைகள் அச்சடித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஊசிமுனை குத்திவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனியில் அத்தனை சட்டம் இருந்தது. சேலைக்குப் பின் குத்தக் கூடாது, தலைக்குக் கிளிப் கூடாது. தைக்கும்போது ஊசி உடைந்தால் கையைத் தூக்கிவிட வேண்டும். உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, ஒன்றோடொன்று சேர்த்து முழு ஊசி ஆனால்தான் அதை அட்டையில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் புது ஊசி தருவார்கள். கிடைக்காவிட்டால் லைன் நிற்கும். யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. தைக்கிறவள் விரலில் ஊசி ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் சட்டம் இல்லை. மெஷின் எண்ணெயைத் தொட்டு வைத்து, வெட்டுத்துணியில் ஒரு கீற்றைச் சுற்றிக்கொண்டு தைப்பார்கள். எல்லாத் தையற்காரிகளுக்கும் அப்படி ஒரு விரல் இருந்தது.

நான் சொல்ல வந்தது அந்தத் தையற்காரிகளில் ஒருத்தியைப் பற்றி. அவள் கூக்கால் ஊரிலிருந்து வருகிறவள். நடக்கப் பழகுகிற பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேன் ஏறி வருவாள். அதிகம் பேசமாட்டாள். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மற்றவள் டிபனில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும்போது, இவள் தன் டிபனையும் பார்க்காமல் சாப்பிடுவாள். நான் வாயாடி. எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கப்பலுக்குப் போகிற சரக்கை லாரியில் ஏற்ற வேண்டிய ஒரு நாள் அவள் ஊசி உடைந்தது. ஆள்காட்டி விரலில் ஏறி, அடித்தகட்டில் மோதி முறிந்தது. கையைத் தூக்கினாள். மேல்பாதி மெஷினிலேயே இருந்தது, முனை இல்லை. காந்தம் கட்டிய குச்சியை வைத்துத் தரையெல்லாம் இழுத்துப் பார்த்தார்கள். அந்த விடுதியின் தரைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற சந்து உண்டு. கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முனை சந்துக்குள் விழுந்திருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அதே நேரத்தில் கரண்டும் போய்விட்டது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை. வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ரோடு தெரியாது, லாரியும் இறங்காது, வேனும் நகராது.

சூப்பர்வைசர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சுற்றிமுற்றிப் பார்த்தார். டிராயரைத் திறந்து ஒரு புது ஊசியை எடுத்து, எல்லோர் கண்முன்னாலும் கட்டிங் பிளேயரால் முனையை முறித்து, அந்த முனையை அவள் ஊசியின் மேல்பாதியோடு சேர்த்து அட்டையில் ஒட்டி டேப் போட்டார்.

“கெடைச்சிருச்சுங்க, எல்லாம் கெளம்புங்க” என்றார்.

கரண்ட் இல்லாததால் என் மெஷினும் ஓடவில்லை. மிச்சமிருந்த பெட்டிகளை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். அவள் விரலில் மஞ்சள் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ரத்தம் பெரிதாக வரவில்லை. துணியில் இருந்த குட்டி யானை ஒன்று மட்டும் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் தைக்கிற வேகம் குறைந்துவிட்டது. விரல் மரத்த மாதிரி இருக்கிறது என்றாள். சூப்பர்வைசர் அவளை லைனிலிருந்து எடுத்து எனக்கு உதவியாகக் காய்ச்சல் ரூமுக்கு அனுப்பினார். அவள் பெல்ட்டில் உடுப்புகளைப் போட வேண்டும். நான் மறுபக்கம் எடுத்து அடுக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான். பேச்சுத்துணை இல்லாவிட்டாலும் ஆள்துணை.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். சாத்தினாலும் மூடாது. மத்தியானத்துக்கு மேல் அது வழியாக மூடுபனி வந்து தரையில் படுத்துக்கொள்ளும். பெல்ட்டின் அந்த முனையில் நிற்கிற அவள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிவாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், வாய்க்குள்ளிருந்து மஞ்சள் உடுப்புகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். கையும் காலும் விரித்து மல்லாந்து வரும் அவற்றைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கும். பிள்ளை இல்லாத உடுப்பு அவ்வளவு பிள்ளையாக இருக்கக் கூடாது.

அப்படி ஒரு மத்தியானம் மணி அடித்தது. பெல்ட் நின்று உடுப்பை அவளிடமே தள்ளியது. சட்டப்படி உடுப்பை உதறி, தையல் தையலாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நானே மறுபடி போட்டேன். சத்தமில்லாமல் போய்விட்டது. இன்னொரு தடவை போட்டேன். போய்விட்டது. மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வேறொரு உடுப்புக்கு அடித்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் அடித்தது. அடித்த உடுப்பை நான் போட்டால் அடிக்காது. அவள் போடும்போதும் ஒவ்வொரு தடவையும் அடித்துவிடாது. ஓரத்தைப் பிடித்துப் போட்டால் சும்மா போகும், வாய்க்குள் போகும் வரை நீவி விட்டால் சில சமயம் அடிக்கும். இதெல்லாம் இப்போது கோவையாகச் சொல்லத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், காய்ச்சல் ரூமில் மூடுபனிக்குள் அவள் நிற்கிறாள், ஒன்றுமே இல்லாததற்கு மணி அடிக்கிறது என்பதுதான்.

ஹாலில் இருந்த பெண்களுக்கு அது போதும். விடுதியில் காய்ச்சலில் செத்த பிள்ளை ஒன்று அவர்கள் பேச்சில் இரண்டே நாளில் பிறந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வயது, ஊர் எல்லாம் வந்துவிட்டது. உடுப்புக்கு ஆசைப்பட்டு வருகிறதாம். அவள் பால் கொடுக்கிற உடம்பு என்பதால் அவளிடம் ஒட்டிக்கொண்டதாம். மத்தியானம் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அப்போதுதான் தண்ணீர் பிடிக்க நினைவு வரும். வேனில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வரும். நான் போய் உட்காருவேன். வீம்புக்குத்தான் உட்காருவேன், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

விஷயம் வேனிலேயே கூக்காலுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் பெல்ட்டில் உடுப்பைப் போட்டுக்கொண்டே, வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

“வீட்ல பிள்ளையத் தொட விட மாட்டேங்கிறாகக்கா. கழிப்புக் கழிச்ச பெறகுதான் தூக்கணுமாம். நான் வாசல்ல வந்தா கையத் தூக்கிக்கிட்டு ஓடியாரான். பிடிச்சு உள்ள இழுத்துக்கிறாக.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. மெஷினைத்தான் ஒரு உதை விட்டேன். அது பாட்டுக்கு ஓடியது.

பயந்துபோன எங்கள் மலைப் பெண்கள் பிறகு செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்க எங்கள் பக்கம் கையில் இரும்பு வைத்துக்கொள்வது வழக்கம். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள் வைப்போம். அந்தியில் காட்டு வழி போகிறவள் ஒரு ஆணியாவது முடிந்துகொள்வாள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஆளுக்கொரு இரும்பைக் கம்பெனிக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஊசிமுனைகூட இருக்கக் கூடாத இடத்துக்கு, ஊக்கும் ஆணியும் கதவுக் கொண்டியும் இடுப்பில் முடிந்து வந்து சேர்ந்தன. பண்டல் கட்டிக் கொண்டுவரும்போது ஒன்றிரண்டு உள்ளே உதிர்ந்தன. மணி இன்னும் அதிகமாக அடித்தது. மணி அடிக்க அடிக்கப் பயம் கூடியது. பயம் கூடக் கூட இரும்பு கூடியது.

கடைசியில் ஒருநாள் காலையிலிருந்து மணி நிற்கவே இல்லை. வெறும் பெல்ட் ஓடினாலே அடித்தது. ஹாலில் ஒரு தையல் மெஷினும் ஓடவில்லை. எல்லோரும் காய்ச்சல் ரூம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் திருப்பூரிலிருந்து மெக்கானிக் மலையேறி வந்தார். மெஷினுக்கு அடியில் படுத்துத் துழாவி, நூலில் தொங்கிய ஒரு எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்தார். அதில் குறுக்காக நீள ஆணி ஒன்று ஏற்றியிருந்தது. பெல்ட் ஓடுகிற அதிர்வில் அது வாய்க்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மனிதர் பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மெஷினுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் ஆயில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் கட்டியது என்று இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர் என் சின்ன மாமியார், அதனால் சொல்ல மாட்டேன்.

சூப்பர்வைசர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கொண்டுவந்ததையெல்லாம் கீழே போடச் சொன்னார். கட்டிங் மேசையில் பழைய இரும்புக் கடை மாதிரி குவிந்தது. அன்று முழுக்கக் காந்தக் குச்சியோடு அலைந்தார்கள். மெக்கானிக் தன் கையாலேயே உடுப்புகளைப் போட்டுக் காட்டியிருந்தார், மணி அடிக்கவில்லை. பெண்களுக்குக் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் நிம்மதியும். எனக்கு முழு நிம்மதி. இனி பிள்ளையைத் தூக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவளும் லேசாகச் சிரித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து வேலையைத் தொடங்கினோம். ஒரு உடுப்பைப் போட்டு, வாய் வரை நீவி விட்டாள். மணி அடித்தது.

நான் பெல்ட்டைச் சுற்றி வந்து அவள் எதிரே நின்றேன். ஹாலில் யாருக்கும் கேட்டிருக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். மூடுபனி முழங்கால் வரை இருந்தது. அவளைச் சோதித்தேன். இடுப்பில் முடிச்சு இல்லை. வளையல் கண்ணாடி. மெட்டி, மஞ்சள் கயிறு எதற்கும் மெஷின் அடிக்காது. இருந்தாலும் வளையலையும் மெட்டியையும் கழற்றச் சொன்னேன். ஜாக்கெட் கொக்கியைக்கூட விடவில்லை, ஒரு வெறும் துணியைப் போர்த்தி நிற்க வைத்தேன். மறுபடி போடச் சொன்னேன். அடித்தது.

அப்புறம்தான் எனக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர் ஏறியது. பேய் என்று நினைத்து இல்லை. பேய் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்ததால்.

“துணி வேண்டாம். கைய மட்டும் வை” என்றேன்.

இடது கையை வைத்தாள். பெல்ட் அதை மெல்ல உள்ளே கொண்டுபோனது. முழங்கை வரை போயும் சத்தம் இல்லை. வெளியே எடுத்துவிட்டு வலது கையை வைத்தாள். விரல் நுனி வாய்க்குள் போனதும் மணி அடித்து, பெல்ட் நின்று, அவள் கையை அவளிடமே திருப்பித் தள்ளியது. ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரலை நீட்டும்போது மட்டும் அடித்தது.

அவள் அந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள். தன் கையில் வேறு யாருடைய விரலோ இருப்பது மாதிரி பார்த்தாள். நகத்துக்குக் கீழே பச்சையும் கறுப்புமாக ஒரு நிழல் ஓடியிருந்தது. இத்தனை நாள் அதை நான் எண்ணெய்க் கறை என்று நினைத்திருந்தேன்.

நேராக சூப்பர்வைசரிடம் கூட்டிப் போனேன். அவர் விரலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்துக் காட்டினார். உடைந்த ஊசி, முனையோடு முழுதாக, டேப்புக்கு அடியில் மின்னியது. அந்த முனையை அவர்தான் முறித்தார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அட்டைப்படி ஊசி கிடைத்துவிட்டது. அட்டைப்படி அவள் விரலில் ஒன்றும் இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி எடுத்தால் அட்டை பொய்யாகிவிடும். அட்டை பொய்யானால் அன்றைக்குப் போன சரக்கெல்லாம் கேள்விக்கு வரும். வெளிநாட்டு வியாபாரி கம்பெனியைச் சோதிக்க அனுப்புகிற ஆடிட் வேறு அடுத்த வாரம் வருகிறது. இதையெல்லாம் அவர் கோபப்படாமல்தான் சொன்னார். மாத்திரை கொடுத்தார். ஆடிட் முடியட்டும், நானே கூட்டிப் போகிறேன் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்.

“பாருங்க அம்மிணி, இத்தன பேரு பொழப்பு உங்க ஒரு வெரல்ல இருக்குது.”

ஹாலில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். எல்லோரும் அவள் விரலைப் பார்த்தார்கள். பேய் பிடித்தவள் என்று ஒதுக்கியபோது பார்த்த பார்வையே தேவலாம் போலிருந்தது.

நானே கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று வேனில் அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். யூனிட்டை மூடிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றாள். அந்த வாரம் முழுக்க விரல் வீங்கிக்கொண்டே போனது. பெல்ட்டில் உடுப்பை ஓரத்தைப் பிடித்துப் போடப் பழகிக்கொண்டாள். மணி அடிக்கவில்லை. எனக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை. எந்த நிமிஷம் அடிக்கும் என்று காது அங்கேயே கிடக்கும்.

ஆடிட்டுக்கு முன்னால் எங்களுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, காயம் பட்டால் மருந்துப் பெட்டி எங்கே, கக்கூஸ் போக யாரிடமாவது கேட்க வேண்டுமா. எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். பூட்டியே கிடந்த பின்பக்கக் கதவு அன்று திறந்திருக்கும். மருந்துப் பெட்டியில் பஞ்சு இருக்கும். யாரும் எங்களை அடித்ததில்லை. அப்படி எதையும் நான் ஏற்றிச் சொல்லவில்லை. எங்களைப் பற்றிய ஒரு கட்டுரையை எங்கள் வாயாலேயே ஒப்பிக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

வந்தது ஒரு பெண். சென்னைக்காரி என்று பேச்சில் தெரிந்தது. ஹாலில் எல்லோரும் சரியாக ஒப்பித்தார்கள். காய்ச்சல் ரூமுக்கு வந்தாள். பின்னாலேயே மேனேஜரும் சூப்பர்வைசரும் வந்தார்கள். இரும்புப் பொட்டு பதித்த சோதனை அட்டையைப் போடச் சொன்னாள். போட்டேன், மணி அடித்தது. சரி என்று குறித்துக்கொண்டாள். வழக்கம்போல உடுப்பு போடச் சொன்னாள். என் கூட்டாளி ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டாள். சத்தமில்லை. ஆடிட் பெண் திருப்தியாகக் கதவுப் பக்கம் திரும்பினாள். சூப்பர்வைசர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது என் கூட்டாளி வலது கையைப் பெல்ட்டில் வைத்தாள். வெறும் கை. உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் விரித்து, உடுப்புகள் போகிற மாதிரியே போனது.

மணி அடித்தது. பெல்ட் கையைத் திருப்பித் தள்ளியது. ஆடிட் பெண் திரும்பி வந்து பெல்ட்டில் உடுப்பைத் தேடினாள். உடுப்பு இல்லை. என் கூட்டாளி மறுபடி கையை வைத்தாள். மறுபடி அடித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை; பேச வேண்டியதெல்லாம் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். ஆடிட் பெண் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. மேனேஜர் என்னவோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் வண்டியை எடுங்கள் என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, விரலைக் கீறி, ஊசிமுனையை எடுத்தார்கள். ஒரு சின்னக் குப்பியில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விரலையே எடுத்திருப்போம் என்று டாக்டர் என்னைத் திட்டினார். நான் அவளுக்கு அம்மா என்று நினைத்துவிட்டார். திட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பை ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ். விரல் எப்படியிருக்கிறது என்று கேட்டார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குப்பி எங்கே என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். பொய் முனையைப் பிய்த்துவிட்டிருந்தார்கள். ஆடிட்டுக்குப் பதில் அனுப்ப, உண்மையான முனையை ஒட்டிக் காட்ட வேண்டுமாம். ஊசி முழுசானால் விவகாரம் முடிந்தது. கட்டிலிலேயே, அவள் போர்வை மேலேயே அட்டையை வைத்து, முனையை மேல்பாதியோடு சேர்த்தார். சேரவில்லை. நடுவில் எள்ளளவு இடைவெளி. திருப்பித் திருப்பி வைத்தார். ஒரு பொடித் துண்டு குறைந்தது.

எக்ஸ்ரேயில் தெரிந்ததை எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அது அன்றைய சரக்கில் போயிருக்கும் என்று மேனேஜர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“சார், அது கைப்பிள்ளைக போடுற சட்டை.”

அவ்வளவு பொடி ஒன்றும் செய்யாது, எல்லாம் மெஷினில் ஓட்டி அனுப்பியதுதான் என்றார் அவர். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்குக் கரண்ட் இல்லை. அன்றைக்குப் பெட்டிகள் அப்படியே ஏறின. அதை அவரிடம் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். அவர் இடைவெளியோடு சேர்த்து டேப்பை ஒட்டி அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்குப் போனாள். இப்போது பிள்ளையைத் தூக்க விட்டார்கள். பேய் இல்லை, இரும்புதான் என்று நானே போய் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவள் பிள்ளையைத் தூக்கினால் முதலில் அவன் சட்டையைத்தான் தடவுவாளாம். தையல் தையலாக, கழுத்திலிருந்து கால் வரை, ஒருநாளைக்குப் பலமுறை. அவன் கூச்சத்தில் சிரிப்பானாம். நான் பார்க்கப் போனபோதும் தடவிக்கொண்டிருந்தாள்.

“எந்த ஊருக்குப் போயிருக்கும்க்கா அது?” என்று கேட்டாள். அங்கே இப்போது குளிராக இருக்குமா என்று கேட்டாள்.

கட்டோடு அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மூடுபனி காலையிலேயே இறங்கியிருந்தது. வேனை விட்டு இறங்கியவள் டீ குடிக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. ஹாலில் வரிசைக்கு நடுவே நேராக நடந்தாள். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். காய்ச்சல் ரூமில் பெல்ட்டைப் போடச் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்றேன். நீங்களே போட்டு விடுங்கக்கா என்றாள்.

போட்டேன். கட்டுப்போட்ட கையை வைத்தாள். ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் கதவில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கை மெல்ல உள்ளே போனது. விரல் போனது, சத்தமில்லை. உள்ளங்கை பாதி போனது, சத்தமில்லை. அவள் கையை இன்னும் உள்ளே நீட்டினாள். அடிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் வேறு வேண்டிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

பெல்ட் கையைத் திருப்பித் தள்ளியது. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். காணாமல் போன பிள்ளை திரும்பக் கிடைத்தவள் முகம் அப்படித்தான் இருக்கும். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

“எங்கிட்டத்தான்க்கா இருக்கு” என்றாள். “எங்கயும் போகல.”

கையைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மறுபடி பெல்ட்டில் வைத்தாள்.